காலித் தோட்டாவும் குதிரை லாயமும்

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவத்துல ஆரம்பிக்காது, ஆனா சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும். பொறுமையா படிங்க.

பத்தாவது படிக்கும்போது என்சிசி கேம்ப். பாயின்ட் டூ டூ ரைஃபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. வாழ்க்கையில முதல் தடவை துப்பாக்கி சுட்ட குஷியில எழுந்து ஓடப் பார்த்தா, உஸ்தாத் போட்ட சத்தத்துல அப்படியே நின்னுட்டோம். "கோக்கா எங்கே? எண்ணிக் குடுத்துட்டுப் போ!"

கோக்கான்னா, சுட்ட பிறகு ரைஃபிளில் இருந்து வெளியே விழுற காலிப் பித்தளைக் கூடு. சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. அன்னைக்குக் கணக்குல ஒண்ணு குறைஞ்சது. மொத்தப் பேரும் முட்டி போட்டுப் புல்லைக் கையால தடவித் தடவித் தேடினோம். வெளிச்சம் போற வரைக்கும்.

குண்டு போய் மண்மேட்டுல புதைஞ்சிடுச்சு. அதை யாரும் கேட்கல. இந்தக் காலிக் கூட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? அப்போ கேட்க தைரியம் இல்ல. பல வருஷம் கழிச்சு, அம்மோனியா பத்தி வேற எதையோ தேடப் போய், இதுக்கான பதில் கிடைச்சது. கூடவே ஒரு அருமையான கதையும்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நாம "தோட்டா"ன்னு சொல்றது நாலு பொருள் சேர்ந்தது. முன்னால குண்டு, உள்ளே வெடிமருந்து, பின்னால தட்டினா தீப்பொறி தர்ற ப்ரைமர், இதையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கிற கூடு. சுட்டதும் மத்த மூணும் தீர்ந்து போகும். கூடு மட்டும் மிஞ்சும். புதுசா ப்ரைமர், மருந்து, குண்டு வச்சா அதே கூடு திரும்பவும் உழைக்கும். விலையிலும் சரி, வேலைப்பாட்டிலும் சரி, தோட்டாவுல பெரிய பங்கு இந்தக் கூடுதான்.

ஏன் பித்தளை? சுடும்போது உள்ளே உண்டாகிற அழுத்தத்துல கூட்டின் மெல்லிய சுவர் விரிஞ்சு, துப்பாக்கி அறையின் சுவரோட ஒட்டிக்கும். வாயு பின்னாடி, சுடுறவன் முகத்துக்கு வராது. அழுத்தம் இறங்கினதும் ஒரு மயிரிழை சுருங்கும். அப்பதான் வெளியே இழுக்க முடியும். விரியவும் வேணும், திரும்பச் சுருங்கவும் வேணும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை இந்த இரண்டையும் அழகாச் செய்யும். அந்தக் கலவைக்கு ஆங்கிலத்துல பெயரே தோட்டாப் பித்தளைதான்.

ஆரம்பத்துல இது இல்ல. 1857ல என்ஃபீல்டு ரைஃபிளுக்குக் கொடுத்தது கொழுப்பு தடவின காகிதத் தோட்டா. அதைப் பல்லால கடிச்சுக் கிழிக்கச் சொன்னதும், அதுக்கு அப்புறம் நடந்ததும் ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள பிரிட்டிஷ் ராணுவம் பித்தளைக்கு வந்துடுச்சு. ஆனா முதல்ல வந்தது முழுப் பித்தளைக் கூடு இல்ல. மெல்லிய பித்தளைத் தகட்டைக் குழாய் மாதிரி சுருட்டி, அடியில இரும்பு வில்லை வச்சது. பாக்ஸர் என்ற அதிகாரி வடிவமைச்சது.

இந்தச் சுருள் கூட்டோட லட்சணம் 1885 ஜனவரியில தெரிஞ்சது. சூடான்ல, அபு கிளியா என்ற இடத்துல சண்டை. பாலைவன மணல், வெயில், சுட்டுச் சுட்டுக் கொதிக்கிற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள். மெல்லிய தகடு அறைக்குள்ளேயே சிக்கிக்கிச்சு. எதிரி கைக்கெட்டுற தூரத்துல வந்து நிக்கும்போது, சிப்பாய் கத்தியால கூட்டை நெம்பிக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் சுருள் தகடு போய், ஒரே பித்தளைத் துண்டுல இருந்து இழுத்துச் செய்த கெட்டியான கூடு வந்தது.

ஒரு நோய்க்கு மருந்து கிடைச்சாச்சு. இனி பக்கவிளைவு.

பித்தளை வில்லையை முதல்ல கிண்ணமா அழுத்துவாங்க. அந்தக் கிண்ணத்தை அச்சுக்குள்ள தள்ளித் தள்ளி, படிப்படியா நீளமான குழாயா இழுப்பாங்க. கடைசியா கழுத்தை நெருக்கிக் குண்டைப் பிடிக்க வைப்பாங்க. இவ்வளவும் குளிர்ந்த உலோகத்துல. வெளியே பார்த்தா வழவழன்னு தங்கம் மாதிரி இருக்கும். உள்ளே உலோகம் முறுக்கிக்கிட்டு நிக்கும். கட்டிப் போட்ட ரப்பர் பேண்ட் மாதிரி ஓர் இழுவிசை, யாரும் தொடாமலேயே, நிரந்தரமா. உலோகவியல்ல இதுக்கு எஞ்சிய தகைவுன்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, கையில தட்டுப்படாது.

இப்போ இந்தியாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மழைக்காலம்னா ஓய்வு. சேறும் வெள்ளமும் இருக்கும்போது பெரிய படை நகர்வு கிடையாது. தோட்டாப் பெட்டிகளைக் காய்ஞ்ச இடமாப் பார்த்து வைக்கணும். கூரை போட்ட, உறுதியான, பெரிய கட்டடம் எது? குதிரை லாயம். அங்கேயே அடுக்கினாங்க.

மழை விட்டுப் பெட்டியைத் திறந்தா, தோட்டாவெல்லாம் கழுத்துல விரிசல். குண்டைப் பிடிச்சிருக்கிற இடத்துல, நீளவாக்குல, பிளேடால கீறின மாதிரி. யாரும் சுடல, யாரும் கீழே போடல. சும்மா இருந்த இடத்துல இருந்தபடியே வெடிச்சுப் போயிருக்கு.

மழை சீசன்ல வர்ற விரிசல் என்பதால "சீசன் விரிசல்"னு பேரு வந்ததாச் சொல்வாங்க. பேரு வச்சாச்சு, காரணம் தெரியல. ஈரம்தான் காரணம்னா ஈரமான மத்த இடங்கள்லயும் இதே அளவுக்கு வந்திருக்கணுமே? நம்ம துறையிலயும் இது வழக்கம்தான். புரியாத வியாதிக்கு முதல்ல ஒரு பேரை வச்சுட்டு, காரணத்தை அடுத்த தலைமுறை கண்டுபிடிக்கட்டும்னு விட்டுடுவோம்.

1921ல மூர், பெக்கின்ஸேல், மாலின்சன் என்ற மூணு பேர் இதை விளக்கி ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. குற்றவாளி குதிரையின் மூத்திரம்.

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன்னா இது என் ஏரியா.

புதுசா வர்ற மூத்திரத்துல அம்மோனியா வாடை பெருசா இருக்காது. அதுல இருக்கிறது யூரியா, அது பாட்டுக்குச் சாதுவான பொருள். ஆனா மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கிற பாக்டீரியாக்கள்கிட்ட யூரியேஸ்னு ஒரு நொதி உண்டு. அது யூரியாவை உடைச்சு அம்மோனியாவாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாத்திடும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள்ள நுழைஞ்சா கண்ணு எரியுதே, அந்த எரிச்சல் இந்த நொதியோட வேலை. வயித்துல அல்சர் உண்டாக்குற ஹெலிகோபாக்டர் கிருமி உயிர் பிழைக்கிறதும் இதே நொதியாலதான். அம்மோனியாவைச் சுரந்து தன்னைச் சுத்தி இருக்கிற அமிலத்தை முறிச்சுக்கும். "ஊதுங்க"ன்னு சொல்லி யூரியா ப்ரெத் டெஸ்ட் எடுக்கிறோமே, அதுல நாங்க தேடுறதும் இந்த யூரியேஸைத்தான். சிலவகைச் சிறுநீரகக் கல்லுக்கும் இதுவே மூலகாரணம்.

ஆக, மழைக்காலம் முழுக்கக் கதவடைச்ச லாயம். ஈரக் காற்று. தரையில இருந்து ஓயாம எழும்புற அம்மோனியா. பக்கத்துலயே முறுக்கேறின பித்தளை.

அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தா செம்பைக் கரைக்கும். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? செம்பு உப்புல அம்மோனியாவை ஊத்தினா அப்படியொரு கருநீலம் வருமே, அதே வினைதான். (அந்த நீலக் கரைசல்ல பஞ்சைக் கரைச்சுச் செயற்கைப் பட்டு நூல் எடுத்தாங்க. அது தனிக் கதை.) சாதாரணப் பித்தளைத் தட்டுல இது நடந்தா மேலாகக் கொஞ்சம் நிறம் மாறும், அவ்வளவுதான். ஆனா உள்ளே இழுவிசை இருக்கிற பித்தளையில, கரைஞ்ச நுண்ணிய இடம் பிளந்து வாய் திறக்கும். திறந்த வாய்க்குள்ள இன்னும் அம்மோனியா போகும். கரைஞ்ச செம்பு ஈரத்தோட வெளியேறிடும். விரிசல் இன்னும் ஆழமாகும்.

கவனிச்சீங்களா, இரண்டும் சேரணும். அழுத்தம் மட்டும் இருந்தா விரிசல் இல்ல. அம்மோனியா மட்டும் இருந்தாலும் இந்த மாதிரி பிளக்காது. என்கிட்ட வர்ற பல வியாதிகளும் இப்படித்தான். உடம்புல ஏற்கனவே ஒரு பலவீனம் இருக்கும், வெளியே இருந்து ஒண்ணு வந்து தொடும். நோயாளி கடைசியா தொட்டதை மட்டும்தான் சொல்வார்.

வைத்தியம் ரொம்ப எளிமை. செஞ்சு முடிச்ச கூட்டைச் சுமார் 250-300 டிகிரியில மிதமா சூடாக்கி எடுத்தா உள்முறுக்கு தளர்ந்துடும், பலமும் பெருசா குறையாது. இன்னைக்கும் ராணுவத் தோட்டாவின் கழுத்துல லேசா ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு கறை பார்க்கலாம். கழுத்தைத் தனியா சூடுபடுத்தி மெதுவாக்கின அடையாளம் அது. பளபளன்னு துடைச்சு மறைக்க மாட்டாங்க, சூடாக்கியிருக்குன்னு வாங்குறவனுக்குத் தெரியணும்.

வைக்கிற இடத்தால வந்த வினை இது மட்டும் இல்ல. 1876 ஜூன்ல அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன்ல கஸ்டரோட படை அழிஞ்சது. அந்தச் சிப்பாய்கள் செம்புக்கூட்டுத் தோட்டாக்களைத் தோல் பெல்ட்டு வளையத்துல செருகி வச்சிருந்தாங்க. தோல்ல இருக்கிற அமிலம் பட்டு, செம்பு மேல பச்சைக் களிம்பு படிஞ்சு, கூடு சிக்கித்தான் செத்தாங்கன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. 1983ல அந்தப் புல்வெளி தீப்பிடிச்சு எரிஞ்சதும், அடுத்த வருஷம் தொல்லியல்காரர்கள் மெட்டல் டிடெக்டரோட இறங்கி, காலிக் கூடு ஒவ்வொண்ணையும் கிடந்த இடத்தோட குறிச்சு எடுத்தாங்க. கூட்டின் பின்னால துப்பாக்கி ஊசி பதிச்ச தழும்பு, கைரேகை மாதிரி. அதை வச்சு எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்ததுன்னு வரைஞ்சிட்டாங்க. நெம்பி எடுத்த கீறல் இருந்த கூடுகள் சில சதவீதம்தான். களிம்பு உண்மை. ஆனா கஸ்டரைக் கொன்னது களிம்பு இல்ல.

சரி, உஸ்தாத் ஏன் எண்ணினார்?

காலிக் கூட்டைத் திரட்டித் திரும்ப நிரப்புறது ராணுவங்களோட பழைய பழக்கம். 1880கள்ல அமெரிக்க ராணுவம் பயிற்சிக்கு இப்படித்தான் செஞ்சது. கரிமருந்தோட எச்சம் ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையை அரிக்கும் என்பதால, சுட்ட கையோட கழுவிக் காயவச்சுத்தான் எடுத்து வைக்கணும். இந்தியாவோட வடமேற்கு எல்லையில வேறொரு காரணமும் இருந்தது. மலைக் கிராமப் பத்தான்கள் கையாலயே ரைஃபிள் செய்யக்கூடியவங்க. அவங்களுக்குக் கூடு மட்டும் கிடைச்சா போதும், நிரப்பிக்குவாங்க. இன்னைக்கு நீ விட்டுட்டுப் போற கூடு நாளைக்கு உன்னைத் தேடியே வரும். அதனால பொறுக்கு, எண்ணு, ஒப்படை.

இந்தப் பழக்கம் நமக்கு ஒரு எண்ணைக் கொடுத்துட்டுப் போயிருக்கு. 1650.

1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். 50 ரைஃபிள், சுமார் பத்து நிமிஷம், 1650 ரவுண்டு. அதாவது ஒருத்தர் கையால சராசரியா 33. "ஆயிரத்துக்கும் மேல"ன்னு சொல்லாம இவ்வளவு துல்லியமா எப்படிச் சொல்ல முடிஞ்சது? சிப்பாய்கள் பொறுக்கின காலிக் கூடுகளை எண்ணித்தான் அந்தக் கணக்கு வந்ததா வரலாற்றுப் பதிவுகள் சொல்லுது.

செத்தவங்க கணக்கு? அரசு எண்ண ஆரம்பிச்சதே பல மாதம் கழிச்சு. அரசுக் கணக்கு 379. காங்கிரஸ் விசாரணைக் கணக்கு ஆயிரம் பக்கம். நூறு வருஷம் தாண்டியும் இரண்டுக்கும் நடுவுல எங்கேயோ நிக்குது. அன்னைக்கு ராத்திரி ஊரடங்கு. அடிபட்டவங்க அங்கேயே கிடந்தாங்க. காயம்பட்டவங்களுக்கு உதவி ஏற்பாடு செஞ்சீங்களான்னு ஹன்டர் கமிட்டி கேட்டப்போ, அது தன் வேலை இல்ல, ஆஸ்பத்திரிகள் திறந்துதானே இருந்ததுன்னு டயர் பதில் சொன்னார். ஒரு டாக்டரா இந்தப் பதிலை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குக் கை நடுங்கும். பித்தளைக்கு ரசீது இருக்கு. மனுஷனுக்கு இல்ல.

இனி கூட்டுக்குள்ளே இருந்த விஷங்கள். சுருக்கமாச் சொல்றேன்.

பழைய ப்ரைமர்ல இருந்தது மெர்க்குரி ஃபல்மினேட், பாதரச உப்பு. கரிமருந்து காலத்துல அந்தப் பாதரசம் புகைக்கரியோட கலந்து போயிடும். 1890கள்ல புகையில்லா மருந்து வந்ததும் தடுக்க கரி இல்ல. பாதரசம் நேரா பித்தளையில ஏறி, ஒரே தடவை சுட்டதுலயே கூட்டை நொறுங்குற மாதிரி ஆக்கிடுச்சு. வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. திரும்ப நிரப்பிச் சுட்டா கூடு உடையும். வேடிக்கை என்னன்னா, பிற்காலத்துல பித்தளையில மறைஞ்சிருக்கிற முறுக்கைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையே பாதரச உப்புக் கரைசல்ல முக்கிப் பார்க்கிறதுதான். விரிசல் விட்டா முறுக்கு இருக்கு.

பாதரசத்தைத் தூக்கிட்டு பொட்டாசியம் குளோரேட் வச்சாங்க. கூடு பிழைச்சது, துப்பாக்கிக் குழல் துருப்பிடிச்சது. குளோரேட் வெடிச்சா மிஞ்சுறது பொட்டாசியம் குளோரைடு, நம்ம சாப்பாட்டு உப்போட சொந்தக்காரன், ஈரத்தை இழுக்கும். அதனாலதான் சுட்ட பிறகு குழலுக்குள்ள கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவினாங்க. குற்றவாளி இந்த உப்புதான்னு அமெரிக்க வேதியியலாளர் ஹஃப் 1922ல காட்டினார்.

அதுக்கு மாற்றா வந்தது லெட் ஸ்டிஃப்னேட். துருவும் இல்ல, பாதரசமும் இல்ல. ஈயம் இருக்கு. தடயவியல்ல சுட்டவர் கையில ஈயம், பேரியம், ஆன்டிமணி மூணும் சேர்ந்த துகளைத் தேடுறது இந்த ப்ரைமரை வச்சுத்தான். கூட்டைக் காப்பாத்தினோம், குழலைக் காப்பாத்தினோம், கடைசியில விஷம் எண்ணுறவன் கைக்கு வந்துடுச்சு.

அமெரிக்கா மாதிரி நாடுகள்ல ஏராளமானவங்க பொழுதுபோக்காவே காலிக் கூட்டைச் சேர்த்துத் திரும்ப நிரப்புறாங்க. (நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம இதைச் செய்றது ஆயுதச் சட்டப்படி குற்றம், யோசிக்கக்கூட வேண்டாம்.) அவங்க அடுக்கி வைக்கிற ஒழுங்கு நம்ம ஃபார்மசி ஷெல்ஃப் தோத்துப் போகும். பின்பக்க முத்திரையைப் பார்த்து ஃபேக்டரிவாரியா பிரிப்பாங்க. நம்ம கிர்க்கி ஃபேக்டரி கூட்டுல கே எஃப் என்ற எழுத்து இருக்கும். எத்தனை தடவை சுட்டதுன்னு பெட்டி மேல எழுதி வைப்பாங்க. ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் நீளும், அடிப்பக்கம் மெலியும். அஞ்சு தடவை சுட்டதும் ஒரு தடவை சுட்டதும் ஒரே டப்பாவுல கலந்தா, பலவீனமானது எதுன்னு வெளியே இருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

பிரச்சினை சுத்தம் பண்ற இடத்துல. மக்காச்சோளச் சக்கைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்ட டிரம்முல கூட்டைக் கொட்டிச் சுழல விடுவாங்க. கூடு தங்கமா வெளியே வரும். உள்ளே இருந்த ஈயம் தூசியா காத்துல வரும். அந்தத் தூசியோட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து குழந்தையைத் தூக்கினா? குழந்தையோட குடல் பெரியவங்களைவிடப் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும். வளர்ற மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அமெரிக்க சிடிசி 2021ல குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமா குறைச்சது. வயித்துவலி, ரத்தசோகை, படிப்புல மந்தம்னு வர்ற குழந்தைகிட்ட "அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீட்டுல என்ன செய்றார்"னு கேட்காம விட்டா இந்த வியாதி பிடிபடாது. இங்க அது பேட்டரி உடைக்கிற பட்டறையா இருக்கும், அங்க துப்பாக்கி ரேஞ்சா இருக்கும். விபரம் தெரிஞ்சவங்க இப்போ தண்ணியில போட்டே கழுவுறாங்க, தூசி கிளம்பாது.

அந்தத் தண்ணியில என்ன போடுவாங்க தெரியுமா? எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். நம்ம ஆச்சி குத்துவிளக்குக்குப் புளி போட்ட அதே தத்துவம். அமிலம் களிம்பை எடுக்கும், நல்லா அலசிட்டா பித்தளைக்கு ஒண்ணும் ஆகாது. அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடவே கூடாதுன்னு அவங்களுக்குள்ள கண்டிப்பு. ஏன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். நீங்களும் பித்தளைச் சாமானை அட்டத்துல போடும்போது ஈரமில்லாம துடைச்சுப் போடுங்க. பூனை மூத்திரம் போற மூலையா இருந்தா வேற இடம் பாருங்க.

அன்னைக்குத் தொலைஞ்ச கோக்கா என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. என் பேன்ட் மடிப்புக்குள்ள இருந்தது. இருட்டினதுக்கு அப்புறம், கூடாரத்துல பேன்ட்டை உதறும்போது டிங்னு விழுந்துச்சு. பயந்துக்கிட்டே போய்க் கொடுத்தேன். உஸ்தாத் ஒண்ணும் திட்டல. டார்ச் வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டு, டப்பாவுல போட்டு, ரிஜிஸ்டர்ல டிக் அடிச்சுப் பூட்டினார். இத்தனைக்கும் .22 கூட்டைத் திரும்ப நிரப்பவே முடியாது, ப்ரைமர் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஆனாலும் எண்ணினார்.

டப்பாவை எங்கே வைப்பாங்கன்னு அப்போ கேட்கத் தோணல. எங்க யூனிட்ல குதிரை கிடையாது.